கடைசி ரெண்டு எண் நம்ம கையில தான் இருக்கு!



நம்ம பக்கம் தறி நின்னா டீக்கடையில ஒரே தீர்ப்பு தான். "வெளிநாட்டுத் துணி வந்து குவியுது. வரியைப் போட்டா எல்லாம் சரியாயிடும்." ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எந்தப் பக்கம் போனாலும் இதைக் கேட்கலாம். கேட்கிற நமக்கும் ஆமாம்னு தலையாட்டத் தோணும்.

ஒரு தடவை திருப்பிக் கேட்டுப் பாருங்க. "எவ்வளவு வருதுண்ணே?"

பதில் வராது. அண்ணனைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு பொருள்ல டெல்லிக்கே முழுக் கணக்கு தெரியாது. அந்தப் பொருள் குழந்தைத் துணி. தீபாவளி, பொங்கல்னா வீட்டுல முதல்ல வாங்குறது அதைத் தான். தறி ஓட்டுற வீட்டுலயும் அப்பா அம்மாவுக்கு இல்லேன்னாலும் புள்ளைக்கு ஒரு கவுன் வந்துடும். அந்தக் கவுன் எங்கிருந்து வருது, எத்தனை வருதுன்னு நம்ம நாட்டுக் கணக்குப் புத்தகத்துல தேடினா கிடைக்காது.

ஏன் கிடைக்காதுங்கிறதைச் சொல்லத் தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, கடைசியில நாம கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு.

எட்டு எண்ணுக்குள்ள ஒரு அரசியல்

பி.இ. முடிச்சிட்டு ஒரு வருஷம் பாரிமுனையில ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பார்த்தேன். கன்டெய்னர்ல வர்ற சரக்குக்கு 'பில் ஆஃப் என்ட்ரி' தயார் பண்றது தான் வேலை. அதுல ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க எண் ஒண்ணு போடணும். எச்.எஸ். கோடுன்னு சொல்லுவாங்க. அந்த எண் என்னங்கிறதைப் பொறுத்து தான் எத்தனை சதவீதம் வரி, எந்த நாட்டுக்குச் சலுகை, எந்தக் கணக்குல சேரும், எல்லாமே முடிவாகும்.

இந்த எண் பட்டியல் 1975 சுங்கவரிக் கட்டணச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. முதல் ஆறு இலக்கம் உலகம் பூராவும் ஒண்ணு. பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற உலக சுங்க அமைப்பு அதை முடிவு பண்ணுது. கடைசி ரெண்டு இலக்கத்தை அந்தந்த நாடு தன் தேவைக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கலாம். இந்தியா 2003ல எட்டு இலக்கத்துக்கு மாறிச்சு.

"கடைசி ரெண்டு இலக்கம் நம்ம நாட்டோடது." இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. திரும்ப இங்க தான் வரப் போறோம்.

86 சென்டிமீட்டர்

தைச்ச துணி வந்தா முதல் கேள்வி, பின்னலாடையா, தறியில நெய்த துணியா? பின்னல்னா 61ம் அத்தியாயம். நெசவுன்னா 62ம் அத்தியாயம். திருப்பூர் பனியன் 61. நம்ம தறித்துணியில தைச்ச சட்டை 62.

அடுத்த கேள்வி யாருக்கான துணி? இங்க தான் விஷயம் இருக்கு. சட்டத்துல 'கைக்குழந்தை உடை'ன்னு தனித் தலைப்பு உண்டு. பின்னல்னா 6111, நெசவுன்னா 6209. கைக்குழந்தைன்னா யாரு? வயசு கணக்கு கிடையாது. உடம்பு உயரம் 86 சென்டிமீட்டருக்கு மேல போகாத குழந்தை. ஏறக்குறைய ரெண்டு வயசுன்னு வெச்சுக்கலாம்.

ரெண்டு வயசு தாண்டினா? அதுக்கு மேல குழந்தைன்னு தனி இனமே கிடையாது. பையன் துணி 'ஆண்கள் அல்லது சிறுவர்' தலைப்புக்குப் போகும். பொண்ணு துணி 'பெண்கள் அல்லது சிறுமியர்' தலைப்புக்குப் போகும். மூணு வயசுப் பாப்பாவோட கவுனும் முப்பது வயசு அம்மாவோட கவுனும் ஒரே வரிசை. பையன் துணியா பொண்ணு துணியான்னு எப்படிப் பார்க்கிறாங்க தெரியுமா? முன்பக்கம் இடது பக்கம் வலது மேல வந்து பட்டன் போட்டா ஆண். வலது பக்கம் இடது மேல வந்தா பெண். எதுவும் கண்டுபிடிக்க முடியலேன்னா பெண்கள் தலைப்புல போடுங்கன்னு சட்டக் குறிப்பே சொல்லுது.

படிக்கும்போது சிரிப்பா இருக்கும். நானும் முதல் வாரம் சிரிச்சேன். விளைவு சிரிக்கிற மாதிரி இல்ல. ரெண்டு வயசுல இருந்து பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க துணி பெரியவங்க துணியோட கலந்து போயிடுது. வணிக அமைச்சகத்தோட ஏற்றுமதி இறக்குமதித் தரவுப் பக்கம் இணையத்துல இலவசமா இருக்கு. எட்டு இலக்கம் வரைக்கும் நாடு வாரியாப் பார்க்கலாம். நீங்களே போய் 6111ஐயும் 6209ஐயும் தட்டிப் பாருங்க. கைக்குழந்தைத் துணி கணக்கு வரும். அஞ்சு வயசுப் புள்ளைக்கு வந்த துணியைத் தேடுங்க. கிடைக்காது.

கணக்கு இல்லேன்னா என்ன நஷ்டம்?

"கணக்கு இருந்தா மட்டும் தறி ஓடிடுமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி.

தறி நிக்கிறதுக்கு இறக்குமதி மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். நூல் விலை இருக்கு, கூலி இருக்கு, ஆர்டர் கொடுக்கிறவங்க இழுத்தடிக்கிறது இருக்கு. ஆனா இறக்குமதி பாதிக்குதுன்னு ஒரு சங்கம் டெல்லியில போய் நின்னா முதல் கேள்வி "ஆதாரம் எங்கே?" தான். பொருள் குவிப்புத் தடுப்பு வரியோ, பாதுகாப்பு வரியோ, எதைக் கேட்டாலும் எந்தப் பொருள், எத்தனை, எந்த விலையில வந்துச்சுன்னு காட்டணும். எண்ணே இல்லாத பொருளுக்கு எதைக் காட்டுறது?

இப்ப வரிக்கு வருவோம். 2018 ஜூலை, ஆகஸ்ட்ல ஒன்றிய அரசு ஜவுளி மேல இறக்குமதி வரியை ஏத்திச்சு. ஆகஸ்ட்ல மட்டும் 328 வகைக்கு 10 சதவீதம் 20 ஆச்சு. ஆடைகளுக்குப் பொதுவா 20 சதவீதம் தான் இன்னைக்கு அடிப்படை வரி. அதனால "வரியைப் போடு"ன்னு கத்துறதுல புதுசா ஒண்ணும் இல்ல. வரி இருக்கு. அது யாருக்கு ஒட்டுது, யாருக்கு ஒட்டலைங்கிறது தான் விஷயம்.

சின்னக் கணக்கு. வேற எந்தச் சலுகையும் இல்லாத ஒரு நாட்டுல இருந்து 100 ரூபாய் மதிப்புள்ள ஒரு கவுன் வருது. அடிப்படை வரி 20. அதுக்கு மேல சமூக நல கூடுதல் வரி பத்துல ஒரு பங்கு, 2 ரூபாய். ஆக 122. அதுக்கு 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., 6 ரூபாய் 10 காசு. மொத்தம் 28 ரூபாய் 10 காசு வரி.

அதே கவுன் பங்களாதேஷ்ல இருந்து சலுகைச் சான்றிதழோட வந்தா? அடிப்படை வரி பூஜ்ஜியம். கூடுதல் வரி பூஜ்ஜியம். ஐ.ஜி.எஸ்.டி. 5 ரூபாய் மட்டும். அதையும் வியாபாரி பிறகு கழிச்சுக்கலாம்.

இது திருட்டுத்தனம் கிடையாது. நாமே கொடுத்த சலுகை. 2011 செப்டம்பர்ல அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா போனப்ப 46 ஜவுளி வகைகளுக்கு வரி விலக்கு அறிவிச்சார். அதே வருஷம் நவம்பர்ல தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தப்படி, பின்தங்கிய நாடுகளுக்கு மது, புகையிலை மாதிரி 25 பொருள் நீங்கலா எல்லாத்துக்கும் விலக்கு விரிஞ்சது. ஏழை நாட்டுத் தொழிலாளிக்கு வேலை கிடைக்கட்டும்ங்கிற எண்ணத்தை நான் குறை சொல்லல. அங்க தைக்கிறவங்களும் நம்ம மாதிரி கூலிக்காரங்க தான்.

ஓட்டை வேற இடத்துல இருக்கு. இந்தச் சலுகை கிடைக்க ரெண்டு நிபந்தனை. அந்த நாட்டுல 30 சதவீதம் மதிப்புக் கூடணும். அப்புறம் மூலப்பொருளோட நாலு இலக்கத் தலைப்பும் முடிஞ்ச பொருளோட தலைப்பும் வேற வேறயா மாறி இருக்கணும். சீனாவுல இருந்து பாலியஸ்டர் துணி வருதுன்னு வைங்க. அது 54ம் அத்தியாயம். அதை வெட்டித் தைச்சா 62ம் அத்தியாயம். தலைப்பு மாறிடுச்சு! நெசவு சீனாவுல, தையல் பங்களாதேஷ்ல, இந்தியாவுக்குள்ள வரியில்லாம நுழையுது. நம்ம நெசவாளிக்கு வலிக்கிற இடம் இது தான். தையல் வேலை போச்சுன்னு அவர் அழல. அவர் நெய்ய வேண்டிய துணியை வேற ஒரு தறி நெய்து, அதுவும் வரியில்லாம வந்து சேருது.

மூல நாட்டுச் சான்றிதழைத் துருவிப் பார்க்க 2020 செப்டம்பர் 21 முதல் தனி விதிகள் வந்துச்சு. இறக்குமதியாளரே ஆதாரம் வெச்சிருக்கணும். 2025 மே 17ல இன்னொரு உத்தரவு: பங்களாதேஷ் ஆயத்த ஆடை எந்தத் தரைவழிச் சோதனைச்சாவடி வழியாவும் வரக்கூடாது, நவா ஷேவா, கொல்கத்தா ரெண்டு துறைமுகம் வழியா மட்டும் தான் வரலாம். வழி குறைஞ்சுது, சரி. ஆனா வந்த பெட்டியில எத்தனை குழந்தைத் துணின்னு கேட்டா, மறுபடியும் அதே பதில் தான். தெரியாது.

எழுதுறவரே தான் முதல் நீதிபதி

2011ல இருந்து சுங்கத்துல சுயமதிப்பீடு. எந்த எண்ணுன்னு இறக்குமதியாளரே எழுதுவார். கம்ப்யூட்டர் ஆபத்துக் கணக்குப் போட்டுச் சில பில்களை மட்டும் எடுத்துக் கொடுக்கும். மத்ததெல்லாம் நேரா வெளியே. 2020ல இருந்து முகமறியா மதிப்பீடு வேற. சென்னையில இறங்கின பெட்டியோட பில்லை வேற ஊர்ல உட்கார்ந்திருக்கிற அதிகாரி பார்க்கலாம். லஞ்சத்தைக் குறைக்க நல்ல ஏற்பாடு. ஆனா அந்த அதிகாரி முன்னாடி இருக்கிறது ஒரு திரை தான், துணி இல்ல.

எண்ணை மாத்திப் போட என்ன லாபம்? சில தலைப்புல வெறும் சதவீதம். சில தலைப்புல "இத்தனை சதவீதம், அல்லது உருப்படிக்கு இத்தனை ரூபாய், எது அதிகமோ அது". விலையைக் குறைச்சுக் காட்டுறதைத் தடுக்கத் தான் இந்த ரெண்டாவது முறை. 2025 பட்ஜெட்ல ஒன்பது வகைப் பின்னல் துணிக்கு '20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது'ன்னு மாத்தினதும் இதுக்குத் தான். ஆக, உருப்படிக் கணக்கு உள்ள தலைப்புல இருந்து வெறும் சதவீதத் தலைப்புக்கு ஒரு துணியைத் தள்ளிட்டு, பில்லுல விலையையும் குறைச்சா வரி சுருங்கிடும். 86 சென்டிமீட்டரா 92 சென்டிமீட்டரான்னு பெட்டியைத் திறந்து டேப் வெச்சு அளக்கிறவங்க எத்தனை பேர்?

மாட்டினா சட்டம் சும்மா விடாது. பறிமுதல் உண்டு. மறைச்சதுன்னு நிரூபணமானா அஞ்சு வருஷம் வரைக்கும் பின்னாடி போய் வரி கேட்கலாம். மாட்டணுமே!

அமெரிக்காவுல ஒரு வேஷத்துணி வழக்கு

நம்ம ஊர் ஆண்டு விழாவுக்கு மாறுவேட டிரஸ் வாங்குவோமே, அதே மாதிரி துணிக்கு அமெரிக்காவுல ஒரு வழக்கு நடந்துச்சு. ரூபீஸ் காஸ்ட்யூம்னு நியூயார்க் கம்பெனி. ஹாலோவீன் வேஷம், கோமாளி, சூனியக்காரி, குட்டிக் கடற்கொள்ளையன். சுங்கத்துறை சொல்லிச்சு, மெல்லிசா ஒருநாள் கூத்துக்குத் தைச்சது, இது விழாப் பொருள், வரி கிடையாதுன்னு. ரூபீஸ் சொல்லிச்சு, இல்ல, இது உடை, வரி போடுன்னு. உள்நாட்டுல தயாரிக்கிறவங்கங்கிற உரிமையில அவங்க மனு போட்டாங்க. 2002ல வணிக நீதிமன்றத்துல ஜெயிச்சு, 2003ல மேல்முறையீட்டுல தோத்தாங்க.

தோத்தாங்கங்கிறது முக்கியம் இல்ல. அடுத்தவன் சரக்கு எந்த எண்ணுல வருதுன்னு கேட்க உள்நாட்டு உற்பத்தியாளருக்கு அங்க ஒரு வாசல் இருக்கு. (நம்ம பட்டியல்ல 95ம் அத்தியாயக் குறிப்பே துணியில தைச்ச மாறுவேட உடையை 61, 62க்கு அனுப்பிடுது.) நம்ம நாட்டுல எந்த எண்ணுன்னு முன்கூட்டியே தீர்ப்பு கேட்க டெல்லியிலும் மும்பையிலும் 2021 முதல் ஆணையம் இருக்கு. நடைமுறையில அது இறக்குமதி, ஏற்றுமதி பண்றவங்க நுழையிற கதவு. ஆர்.கே.பேட்டை நெசவாளர் சங்கம் அங்க போய் நின்னதா கேள்விப்பட்டிருக்கீங்களா?

லுங்கிக்கு எண் இருக்கு, பாவாடைக்கு இல்ல

இப்ப அந்தக் கடைசி ரெண்டு இலக்கத்துக்கு வருவோம்.

நம்ம பட்டியல்ல பருத்தித் துணிக்கான 52ம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்க. வேட்டிக்குத் தனி எண், லுங்கிக்குத் தனி எண், சேலைக்குத் தனி எண். சாயம் கரையிற மெட்ராஸ் கட்டத் துணிக்குக் கூட 'ப்ளீடிங் மெட்ராஸ்'னு தனி எண். இதெல்லாம் பிரஸ்ஸல்ஸ் கொடுத்தது கிடையாது. இந்தியா தன் நெசவுக்காகத் தானே போட்டுக்கிட்ட வரிசை. லுங்கிக்கு முடிஞ்சது அஞ்சு வயசுப் புள்ளையோட பாவாடை சட்டைக்கு முடியாதா?

"பிரிச்சா குழப்பம் வரும், எது சிறுமி எது பெண்ணுன்னு சண்டை வரும்"னு அதிகாரிகள் சொல்லலாம். அமெரிக்கா பத்து இலக்கப் பட்டியல் வெச்சிருக்கு. டி-ஷர்ட்டுலயே ஆண், சிறுவன், பெண், சிறுமின்னு தனித்தனியா எண்ணுறாங்க. வரி ஒண்ணா இருந்தாலும் கணக்குக்காகப் பிரிக்கிறாங்க. நம்ம திருப்பூர்ல இருந்து போற குழந்தை பனியனை அவங்க உருப்படி உருப்படியா எண்ணி வெச்சிருக்காங்க. நமக்குள்ள வர்றதை நாம எண்ணலை!

இன்னொண்ணையும் நேர்மையாச் சொல்லிடுறேன். குழந்தைத் துணி விலையை ஏத்தச் சொல்லி நான் கேட்கல. உருப்படிக்கு இவ்வளவுன்னு கண்ணை மூடிக்கிட்டு வரி போட்டா பெரியவங்க சட்டைக்கும் கைக்குழந்தை ஜுப்பாவுக்கும் ஒரே பாரம் விழும். அது முதல்ல நசுக்குறது நம்ம தெரு அம்மாக்களைத் தான். வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோடு கடையில 150 ரூபாய்க் கவுனைப் புரட்டிப் பார்த்துட்டு, 120க்குக் கேட்கிறவங்க நெசவாளி வீட்டுப் பொம்பளைங்களும் தான். அதுவும் இல்லாம, நாம வெளியே விக்கிற நாடு. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூர் எப்படித் தவிச்சதுன்னு பார்த்தோம். அடுத்தவன் சுவர் எழுப்பினா நமக்கு எப்படி வலிக்கும்னு தெரிஞ்ச ஊர் நம்ம ஊர்.

அதனால தான் சொல்றேன். முதல்ல எண்ணுவோம். எண்ணிட்டு வரியைப் பத்திப் பேசுவோம்.

நாம கேட்க வேண்டியது

1. 86 சென்டிமீட்டருக்கு மேல உள்ள சிறுவர், சிறுமியர் உடைக்கு, முக்கியமான தலைப்புகள்ல, கடைசி ரெண்டு இலக்கத்துல தனி எண். வரி விகிதத்தை மாத்தாமலேயே இதைச் செய்யலாம். அடுத்த நிதி மசோதாவுல சேர்த்தா போதும்.

2. சலுகையில வர்ற தைச்ச துணிக்கு, உள்ளே இருக்கிற துணி எந்த நாட்டுல நெய்ததுன்னு பில்லுலயே எழுதணும். தையல் நாடு ஒண்ணு, நெசவு நாடு ஒண்ணு, ரெண்டும் தெரியணும்.

3. தவறான எண்ணுல சரக்கு வருதுன்னு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ விசைத்தறிச் சங்கமோ மனு கொடுத்தா, குறிப்பிட்ட நாளுக்குள்ள எழுத்துல பதில் தரணும்.

4. 50 முதல் 63 வரை உள்ள ஜவுளி அத்தியாயங்களும் அதோட குறிப்புகளும் தமிழ்ல வரணும். தன் பொழைப்பைத் தீர்மானிக்கிற சட்டத்தை நெசவாளி தன் மொழியில படிக்க வேண்டாமா?

நம்ம மாவட்டத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. கிழக்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகம். கப்பல்ல இருந்து பெட்டி இறங்குது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் லாரி வரிசை. மேற்கே ஆந்திர எல்லையில ஆர்.கே.பேட்டை, தறிச் சத்தம். ஒரே திருவள்ளூர் மாவட்டம். கிழக்குல இறங்குற பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு மேற்குல தறி ஓட்டுறவருக்குத் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டியது அரசோட கடமை. கேட்க வைக்க வேண்டியது நம்ம கடமை.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல இருக்கிற குழந்தைத் துணி ஒண்ணை எடுத்து, உள்ளே இருக்கிற லேபிளைப் படிங்க. எந்த நாடு, என்ன நூல், எந்த அளவு. நாலு பேர்கிட்ட காட்டுங்க. இந்த நாலு கோரிக்கையையும் உங்க ஊர் நெசவாளர் சங்கத்துக்குப் படிச்சுக் காட்டுங்க. அவங்க கையெழுத்தோட நம்ம நாடாளுமன்ற உறுப்பினர் மேசைக்குக் கொண்டு போய்ச் சேர்ப்போம்.

டீக்கடையில அடுத்த தடவை அண்ணன் "வரியைப் போடு"ன்னு சொன்னா, சண்டை போடாதீங்க. ஒரு டீ சொல்லிட்டு, "முதல்ல எண்ணச் சொல்லுவோம்ண்ணே"ன்னு ஆரம்பிங்க.

பகிருங்கள் தோழர்களே!

தகவல் தொழில்நுட்ப அணி
ஆர்.கே.பேட்டை ஒன்றியம்

#எண்ணச்_சொல்லுவோம்